இருபாலும் ஆத்தி: மேஜர் பரமேஸ்வரனும் புறப்பாட்டு மரபும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



படைத்தலைவன் ஒருவனைப் பாட்டுக்குப் பொருளாக்குவது கடலூர், சிதம்பரம் வட்டாரத்திற்குப் புதியதன்று. தில்லைக் கோயிலிலும் திருவதிகை வீரட்டானத்திலும் மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்பான்மீது தமிழ்ப் பாக்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நரலோகவீரன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட அவன், முதற் குலோத்துங்கனிடமும் அவன் மகன் விக்கிரம சோழனிடமும் பணிபுரிந்த படைத்தலைவன். அவன் செய்வித்த திருப்பணிகளே அப்பாக்களில் மிகுதி. போர்ச் செயல்கள் இடையிடையே தலைகாட்டும். மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்திகள் நிறைந்திருந்த காலத்தில், மன்னனின் ஊழியன் ஒருவனுக்கெனத் தனியே பாட்டெழுந்து அது கோயிற் சுவரிலும் ஏறியது என்பது கருதத்தக்கது.

இதனினும் வியப்பானது கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு. காடவன் கோப்பெருஞ்சிங்கன், சோழப் பேரரசனான மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். செய்தியறிந்த போசள மன்னன் வீரநரசிம்மன் அப்பணன், சமுத்திர கொப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான். அவர்கள் ஊர்களை அழித்துக்கொண்டு வந்தனர், இடையே பொன்னம்பலத்தை வணங்கினர், திருப்பாதிரிப்புலியூரில் தங்கினர், பின்னர்ச் சோழனை மீட்டனர். 1231-ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சிகள் இவை. கல்வெட்டு, வென்றவர் பக்கத்தது. எனினும் தோற்றவர் பக்கத்தில் வெட்டுண்டு வீழ்ந்தவர் பெயர்களும் அதில் உள்ளன. வீரகங்கநாடாழ்வான் உளன். சீனத்தரையன் உளன். ஈழத்து அரசன் என்று குறிக்கப்பெறும் பராக்கிரமபாகு என்பானும் உளன். ஈழத்திலிருந்து வந்து, காடவன் பக்கம் நின்று, இம்மண்ணில் மடிந்த ஒருவனின் பெயரைக் கொன்றவர்களின் கல்லே காத்துத் தந்திருக்கிறது.

பின்னாளில் இவ்வழக்கம் அருகிப் போயிற்று. 1781 ஜூன் 18-ஆம் நாள், கடலூரிலிருந்து படையுடன் வந்த ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், ஹைதர் அலியின் காவற்படை தங்கியிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். அக்கோயில் அப்போது ஒரு கோட்டையாகவே பயன்பட்டது. கும்பினியின் சிப்பாய்கள் புறநகரைக் கைப்பற்றிக் கோயில் மதில்வரை சென்றனர். உள்ளே இருந்த படை தாம் கேள்விப்பட்டதைவிடப் பன்மடங்கு பெரிது என்பது அங்கேதான் புலப்பட்டது, இழப்புடன் திரும்பினர். இரு வாரங்கள் கழித்து, ஜூலை முதல் நாள், பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலோர மணல்மேடுகளை ஒட்டிப் பெரும்போர் நிகழ்ந்தது. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட கூட்டின் படை, தன்னினும் மிகப் பெரிய ஹைதரின் படையை அன்று பின்வாங்கச் செய்தது. குண்டுகளுக்கிடையே அஞ்சாது நின்று குழலூதிய ஸ்காட்லாந்து வீரன் ஒருவனின் துணிவை மெச்சி, அவன் படைப்பிரிவுக்கு வெள்ளிக் குழல் வாங்குவதற்காக 50 பவுன் அளித்தார் கூட் என்று அப்படைப்பிரிவின் மரபுச் செய்தி கூறும். குழலூதிக்கு வெள்ளி கிடைத்தது குறித்து எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதே மணலில் சுபேதார், ஜமேதார் என்னும் பதவிகளில் நின்று பொருத இந்நாட்டு அதிகாரிகள் யார் யார் என்று கேட்டால் விடை இல்லை.

1783 ஜூன் 13-இல் கடலூருக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அமைத்திருந்த அரண்களை ஜெனரல் ஸ்டூவர்ட் தாக்கியபோதும் இதே நிலைதான். அந்த ஒரு நாளில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஜூன் 25-இல் பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்து தாக்கியது. வங்கத்துச் சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்திகளால் அதனை எதிர்கொண்டு நின்றனர். சில நாள்களில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து போர் ஓய்ந்தது. இப்போர்களில் மாண்ட ஐரோப்பிய அதிகாரிகளைப் பெயர் கூறிக் குறிக்கும் நூல்கள், இந்நாட்டு அதிகாரிகளைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே குறிக்கின்றன. பாடுவதற்குப் புலவர் முன்வந்தாலும் பாட்டுடைத் தலைவனுக்குப் பெயர் இல்லை.

ஆகவே, பெயரும் செயலும் ஐயத்திற்கிடமின்றிப் பதிவாகியுள்ள ஒரு தமிழ்க் காலாட்படை அதிகாரியைத் தமிழ்க் கவிதை எவ்வாறு எதிர்கொண்டது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகிறது. அவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். 1987-இல் யாழ்ப்பாணத்தில் மடிந்தவர். இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதாகிய பரம வீர் சக்கரம் மறைவுக்குப்பின் அளிக்கப்பெற்றவர்.

1946 செப்டம்பர் 13-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நகரில் தென்னிந்தியர் நடத்திய கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, 1968-இல் அறிவியற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16-இல் மகர் படைப்பிரிவில் அதிகாரியானார். வடகிழக்கு மாநிலங்களில் கிளர்ச்சியை எதிர்கொள்ளும் பணியில் நெடுங்காலம் இருந்தார். வீரர்கள் அவரை அன்பு கலந்து 'பேரி சாகிப்' என்றழைத்தனர்.

மகர் படைப்பிரிவைப் பற்றி ஒரு சொல். ஒடுக்கப்பட்ட மகர் குலத்தாரின் படைத்தொழில் உரிமைக்காக அம்பேத்கர் முதலியோர் வற்புறுத்தியதன் பயனாக 1941-இல் எழுந்த பிரிவு அது. புனேக்கு அருகே கோரேகாவ் என்னும் ஊரில் 1818 சனவரி முதல் நாள் பேஷ்வாவின் படையை எதிர்த்து மாண்ட மகர் சிப்பாய்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. கும்பினி நாட்டுச் சிப்பாய்க்குப் பெயர் கொடுத்த அரிய இடங்களுள் அது ஒன்று. அத்தூணின் உருவமே தொடக்கத்தில் மகர் படைப்பிரிவின் சின்னத்தில் இருந்தது. மற்றொரு செய்தியும் உண்டு. 1987-இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி செங்கற்பட்டில் பிறந்தவர். அவரும் மகர் படைப்பிரிவினரே. ஈழத்துத் தமிழ் மண்ணில் நடந்த ஒரு போரில், மேலே ஆணையிட்டவரும் தமிழர், கீழே களத்தில் வீழ்ந்தவரும் தமிழர் என்பது இப்போரின் இயல்பைக் காட்டும்.

இந்திய-இலங்கை உடன்பாடு 1987 ஜூலை 29-இல் கையெழுத்தாயிற்று. மறுநாள் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. முதலில் இறங்கிய படைகளுள் பரமேஸ்வரனின் எட்டாம் மகர் பட்டாளமும் ஒன்று. ஊரார் மாலையிட்டு வரவேற்ற காலம் அது. இரண்டரைத் திங்களுக்குள் அனைத்தும் மாறிற்று. அக்டோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய வீரர் ஏறத்தாழ அனைவரும் ஒரே இரவில் மாண்டனர். பனந்தோப்புகளும் வேலிகளும் ஒழுங்கைகளும் நிறைந்த அந்நிலத்தில், வழி அறிந்தவர் புலிகள்; வழி அறியாதவர் வந்தவர்கள்.

நவம்பர் 25-ஆம் நாள் யாழ்ப்பாணத்து உடுவில், கந்தரோடைப் பகுதியில், ஆயுதங்களைத் தேடிச் சென்ற பரமேஸ்வரனின் அணி நள்ளிரவு கடந்து திரும்பிக்கொண்டிருந்தது. பதுங்கியிருந்தோர் அதன்மேல் சுடத் தொடங்கினர். இத்தகைய தாக்குதலில் சிக்கிய படைக்கு முதலில் தோன்றுவது தரையில் படுத்து எதிர்ச்சுடுதல் என்பது. அவர் பதறவில்லை. தம் வீரர்களுடன் சுற்றிச் சென்று, பதுங்கியோரின் பின்புறத்தே தோன்றி, அவர்கள் எதிர்பாராத வகையில் அவர்கள்மேல் பாய்ந்தார். இருளில் கைகலப்பு நேர்ந்தது. அதில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். குண்டேற்ற நிலையிலேயே அவன் கைத்துப்பாக்கியை, அதாவது தம்மைச் சுட்ட அதே ரைஃபிளை, அவர் பறித்தார். அதனாலேயே அவனைச் சுட்டு வீழ்த்தினார். பின்னர் வீழ்ந்தார். உயிர் பிரியும்வரை வீரர்களுக்கு ஆணைகள் இட்டுக்கொண்டிருந்தார். பதுங்கியவர்களுள் ஐவர் மாண்டனர். மூன்று ரைஃபிள்களும் இரண்டு ராக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டன. அணி மீண்டது. அவருக்கு வயது 41.

விருதுக்கான சான்றுரை இவ்வளவையும் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. அடைமொழிகள் அதில் மிகக் குறைவு. வீரரைச் சிங்கம், வேங்கை என்று உவமித்துக் கைதட்டல் பெறும் கவியரங்கப் பாடல்களைவிட அரசு அலுவலகத்து உரைநடை இவ்விடத்தில் வலிமையாக நிற்கிறது என்று சொன்னால் கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். வேங்கை என்னும் உவமை இந்தக் களத்தில் எதிரணியின் பெயராகிவிட்டமையால், அது கைகொடுக்காமற் போனதும் ஒருவகையில் நன்மையே.

இச்செயலை வாசிக்கும் தமிழ்ப் புலமையாளர் எவருக்கும் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் நினைவுக்கு வரும். கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு வேறு வேல் தேடி வருபவன், தன் மார்பில் தைத்திருக்கும் பகைவன் வேலைக் கண்டு, அதனைப் பறித்து மகிழும் காட்சி 774-ஆம் குறளில் உண்டு. பகைவனின் கருவியே தன் கருவியாகும் அந்த நொடி இரண்டிலும் ஒன்றே. ஆயினும் ஒப்புமையை அங்கேயே நிறுத்திவிட்டால் பரமேஸ்வரனின் செயலில் முதன்மையான பகுதி விடுபட்டுப்போகும். குறளில் வரும் வீரன் தனியன். அவனுக்குப் பின்னால் யார் நிற்கின்றனர் என்பது குறளுக்குத் தேவையில்லை. படை முதுகிட்டபோதும் ஒருவனாக நின்று பொரும் எருமை மறம் போன்ற புறத்துறைகளிலும் தனியாளின் மறமே போற்றப்படுகிறது. காலாட்படை அதிகாரியின் நிலை அதுவன்று. அவர் பின்னே ஓர் அணி இருக்கிறது. அவர்கள் பிழைத்து மீள்வது அவர் அடுத்த நொடியில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. மார்பில் குண்டேந்தியவர் ஆணையிட்டுக்கொண்டே இருந்தார் என்னும் வரியில்தான் அதிகாரி தெரிகிறார். துப்பாக்கியைப் பறித்த வரியில் வீரர் தெரிகிறார். பழைய துறைகளுள் எதிலும் முற்றும் அடங்காத இந்த முதல் வரியைப் பாடுவது புதிய கவிஞருக்கு உரிய வேலை.

அந்த வேலை நடந்ததா? கார்கில் போரில் 1999 மே 29-இல் படாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் எழுந்தது. மேடைதோறும் அவர் பெயர் முழங்கியது. 2014-இல் காஷ்மீரில் மாண்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை 2024-இல் 'அமரன்' என்னும் திரைப்படமாகித் தமிழகம் எங்கும் பார்க்கப்பட்டது. பரமேஸ்வரன் பெற்ற விருது இவற்றுக்கெல்லாம் குறைந்ததன்று. பரங்கிமலைப் பயிற்சிக் கூடத்தின் அணிவகுப்புத் திடல் அவர் பெயரால் வழங்குகிறது. எனினும் கவியரங்குகளில் அவர் பெயர் அரிதாகவே கேட்கும். பாரதி விழா நாளிலும் குடியரசு நாளிலும் பாடப்படும் வீரர் வரிசையில் அவரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

காரணம் அனைவரும் அறிந்ததே. கார்கிலில் எதிரே நின்றவர் அயலார். கந்தரோடையில் எதிரே நின்றவர் தமிழர். அதனினும் கொடியது, அப்போரில் ஆயுதம் ஏந்தாத தமிழ் மக்கள் பட்ட துயரம். 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது மருத்துவர், செவிலியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்துயரைப் பாடிய ஈழத்துக் கவிதைகளைத் தமிழகத்துக் கவிஞர்கள் படித்தனர், அவற்றால் கலங்கினர். 1990 மார்ச் 24-இல் படையின் இறுதிப் பகுதி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்புக்குச் செல்லவில்லை. ஏறத்தாழ 1,200 வீரரை அப்போரில் இந்தியா இழந்திருந்தது. அவர்களுக்காக இரங்குவது ஈழத்தவர் புண்ணில் உப்பிடுவதாகும் என்று அஞ்சியவர் பலர். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதில் நேர்மை இருந்தது.

ஆனால் அந்த அச்சம் ஒரு பிழையான எண்ணத்தின்மேல் நிற்கிறது. ஒருவனின் மறத்தைப் பாடினால் அவன் நின்ற போரையும் ஏற்றுக்கொண்டதாகும் என்பதே அவ்வெண்ணம். புறநானூறு அவ்வாறு கருதவில்லை. அந்நூலை 1894-இல் முதலில் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதற்கு விரிவுரை கண்ட ஔவை துரைசாமிப் பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புறநானூற்றை நினைவூட்டுவது இவ்வூரில் மிகை. எனினும் சில பாட்டுகளை இந்த ஒரு நோக்கத்துடன் மீண்டும் பார்ப்பது தகும்.

சோழன் நெடுங்கிள்ளி உறையூரை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, சோழன் நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். கோவூர்கிழார் இருவர்க்கும் பொதுவாகப் பாடிய 45-ஆம் பாட்டில், இரு தரப்பிலும் சூடப்பட்டிருப்பது சேரர் பனையோ பாண்டியர் வேம்போ அன்று, சோழர்க்குரிய ஆத்தியே என்பதைச் சுட்டுகிறார். வெற்றி யாருடையதாயினும் இழப்பு அக்குடிக்கே என்பது அவர் வாதம். ஓர் இனத்துக்குள் நிகழும் போரைத் தமிழ்ப் புலவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசிய இடம் அது. ஆத்தியை இரு பக்கமும் கண்டதால் அவர் வாய் மூடவில்லை. அதனாலேயே வாய் திறந்தார்.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிலும் புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணியைச் சார்ந்த குயத்தியார் 66-ஆம் பாட்டில் வென்ற கரிகாலனிடமே, தோற்றவன் உன்னினும் நல்லவன் என்னும் கருத்தைச் சொல்லிவிடுகிறார். அவர் சோழ நாட்டவர். கரிகாலனின் வெற்றியையும் அவர் மறுக்கவில்லை. போரின் முடிவு ஒரு கணக்கு, மனிதனின் தகுதி வேறொரு கணக்கு என்று பிரித்துக் காட்டும் துணிவு ஒரு குயத்தியாருக்கு இருந்தது. வென்ற தரப்பின் அரசவையில் இன்று அப்படிப் பாடுபவரைக் காண்பது எளிதன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கொள்ளத்தக்கது கழாத்தலையாரின் 62-ஆம் பாட்டு. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற் கிள்ளியும் போர் என்னும் களத்தில் பொருது இருவரும் மடிந்தனர். வென்றவர் இல்லை, ஆகவே வாகை பாட இடமில்லை. புலவர் பிணங்களிடையே பார்வையைச் செலுத்துகிறார். கேட்பாரற்றுக் கிடக்கும் களம், ஓய்ந்துபோன இரு படைகள், கைம்மை நோன்பு நோற்க மறுத்துக் கணவன் மார்பைத் தழுவிக் கிடக்கும் மகளிர் என்று அக்காட்சி விரிகிறது. அதே களத்தைப் பரணர் 63-ஆம் பாட்டில் பாடினார். இரு புலவரும் ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்தவில்லை. வீரமும் அழிவும் ஒரே பாட்டில் அருகருகே கிடக்கின்றன; ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். சங்கப் புலவர்க்குப் போர் என்பது வேந்தர் இருவர் செய்வது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த நோயாளி அவர் பாட்டில் இல்லை. வேந்தர் போரைப் பாடும் முறையால் இன்றைய போரைப் பாடலாமா? நியாயமான கேள்வி. எரிபட்ட ஊர்களும் பாழ்பட்ட நீர்நிலைகளும் புறப்பாட்டில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வேந்தன் வலிமைக்குச் சான்றாகவே நிற்கும். அந்தப் பகுதியைப் பின்பற்றினால் பிழையாகும். தும்பைத் திணை வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்ட போரைச் சொல்லும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்த போர் அத்தகையதன்று. அதில் அரசுகளின் கணக்கு இருந்தது, இயக்கத்தின் கணக்கு இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஊர் இருந்தது. எனவே பரமேஸ்வரனைத் தூய தும்பையாகப் பாடினால் அது பொய்யாகிவிடும். அவ்விரவின் நாற்பது நாள் முன்னும் பின்னும் நடந்தவற்றை மறைத்துக்கொண்டு எழுதப்படும் எந்தப் பாட்டும் அவருக்குப் பெருமை சேர்க்காது. கழாத்தலையாரின் வழியே பொருந்தும்: மடிந்தவன் மார்பும் அழும் ஊரும் ஒரே பாட்டில் வர வேண்டும்.

அப்படிப் பாட முற்படும் கவிஞர் விரைவில் வேறொரு வெற்றிடத்தில் வந்து நிற்பார். அன்று மாண்ட ஐவர் யார்? சான்றுரையில் அவர்கள் ஓர் எண்ணிக்கை மட்டுமே, பரங்கிப்பேட்டைச் சுபேதார்கள் ஆங்கிலக் கணக்கில் எண்ணிக்கையானது போலவே. அவர்கள் தரப்பிலும் கல் நடும் வழக்கம் பின்னர் எழுந்தது. 1989 முதல் நவம்பர் 27-ஆம் நாளை விடுதலைப் புலிகள் மாவீரர் நாளாகக் கொண்டனர். பரமேஸ்வரன் மடிந்த தேதிக்கு இரண்டு நாள் பிந்தியது அது. உடல் கிடைக்காதவர்க்குத் துயிலும் இல்லங்களில் நாட்டப்பட்ட கல்லை அவர்கள் 'நடுகல்' என்ற பழஞ்சொல்லாலேயே அழைத்தனர். கந்தரோடைக்குச் சில கல் தொலைவில் உள்ள கோப்பாய்த் துயிலும் இல்லத்தை 1990-களின் நடுவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய இலங்கைப் படை இடித்தது. 2002-க்குப் பின் அது மீண்டும் எழுப்பப்பட்டது. 2009-இல் போர் முடிந்தபின் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடத்தில் படைத் தலைமையகம் ஒன்று கட்டப்பட்டது. அவ்வியக்கத்தின் அரசியலைப் பற்றி இந்த அவையில் பல கருத்து இருக்கலாம், இருப்பது இயல்பு. ஆனால் பெயர் எழுதிய கல்லை உடைப்பது தமிழ் மரபு அறிந்த எவருக்கும் உறுத்தும் செயல்.

இந்தியப் படையினர்க்குப் பலாலியில் எழுந்த நினைவுச் சின்னம் நெடுங்காலம் பழுதுபட்டுக் கிடந்து, 2015-இல் சீரமைக்கப்பட்டது. கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் 2008-இல் இலங்கை அரசே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, மாண்ட இந்திய வீரர்களின் பெயர்களை அதில் பொறித்தது. அப்போரைத் தொடக்கத்திலிருந்தே விரும்பாத சிங்களத் தரப்பும் அப்பெயர்களைக் கல்லில் ஏற்றிவிட்டது என்பது எண்ணத்தக்கது. தமிழ்க் கவிதைதான் இன்னும் தயங்கி நிற்கிறது.

பாட வருபவர் கருத வேண்டிய மற்றொன்று மொழி. மகர் பட்டாளத்தில் ஆணைகள் இந்தியில் எழும். வீரர்களின் தாய்மொழிகள் வேறு வேறு. அவ்விரவில் இருளுக்கு அப்பாலிருந்து குரல் ஏதேனும் எழுந்திருக்குமாயின் அது தமிழாகவே இருந்திருக்கும். அந்த அணியில் அதனைத் தாய்மொழியாகக் கேட்டிருக்கக் கூடியவர் அதன் தலைவர். பம்பாயில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் கேட்டு வளர்ந்து, படையில் இந்தியில் ஆணையிடப் பழகிய ஒருவர், தம்மைக் கொல்ல வந்தவர்களின் சொல்லைத் தம் அன்னையின் சொல்லாகக் கேட்கும் நிலை கோவூர்கிழாருக்கும் தெரியாத ஒன்று. உறையூர் மதிலின் இருபுறமும் நின்றவர்கள் தாங்கள் ஒரே ஆத்தியைச் சூடியிருப்பதைக் கண்ணால் கண்டனர். கந்தரோடையில் அது இருளில் காதுக்கு மட்டுமே எட்டியிருக்கும்.

இதனை எழுதும் கவிஞர் இந்த வட்டத்திலிருந்தே எழலாம். எழுதும் முன் ஒருநாள் கெடிலத்தின் கரையில் உள்ள திருவயிந்திரபுரத்துக்குச் சென்று வருவது பயன் தரும். தேவநாதப் பெருமாளைச் சேவிக்கச் செல்பவர் பலர் அக்கல்வெட்டைக் கடந்து போய்விடுகின்றனர். வென்றவர் மெய்க்கீர்த்திக்கு நடுவே வீரகங்கநாடாழ்வானும் சீனத்தரையனும் ஈழத்துப் பராக்கிரமபாகுவும் அங்கே பெயருடன் இருக்கின்றனர்.